மிருதங்கத்திலிருந்து பிரேசில் தாளங்களுக்கு: நனா வாஸ்கொன்செலோஸ் போன வழி

பத்து வருடமாக மிருதங்கம் கற்றுவரும் ஒருவர் கேட்டது இது: "பிரேசிலின் ஆப்பிரிக்க வழித் தாளங்களைக் கேட்டதிலிருந்து வேறு எதிலும் மனம் ஓடவில்லை. அதில் இறங்கி, அங்கிருந்து மற்ற நாட்டு வாத்தியங்களுக்கும் போக ஆசை. இப்படி ஒரு கலைஞரின் வாழ்க்கை நிஜத்தில் எப்படி இருக்கும்? எத்தனை வாத்தியம் கற்க வேண்டியிருக்கும்?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆழமாகக் கற்க வேண்டியது ஒன்றுதான். இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் கலைஞர் ஒரு கொம்பு, ஒரு கம்பி, ஒரு சுரைக்குடுக்கை, இவ்வளவையும் முதன்மையாக வைத்துக்கொண்டு பாரிஸ், ஒஸ்லோ, நியூயார்க் என்று சுற்றியவர். நனா வாஸ்கொன்செலோஸ் என்று பெயர். மற்ற வாத்தியங்களும் அவருக்குத் தெரியும், நன்றாகவே வாசித்தார். ஆனால் அவருக்கு எல்லாக் கதவுகளையும் திறந்துவிட்டது அந்த ஒற்றைக் கம்பிதான். அவருடைய கதையைச் சொன்னால் உங்கள் முதல் கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

நனா 1944 ஆகஸ்ட் 2 அன்று வடகிழக்குப் பிரேசிலில் பெர்னாம்புகோ மாநிலத்தின் தலைநகரான ரெசிஃபேயில் பிறந்தார். கரும்புத் தோட்டங்களால் வளர்ந்த துறைமுக ஊர். அந்தத் தோட்டங்களுக்காக ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட மனிதர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் ஊர். அப்பா இசைக்கலைஞர். 12 வயதிலேயே அப்பாவின் குழுவில் போங்கோவும் மராக்காஸும் வாசித்துக்கொண்டு பையன் மேடையேறிவிட்டான். பிறகு டிரம்ஸ். பள்ளிக்கூடம் போய்க் கற்றதெல்லாம் கிடையாது, காதும் கையும்தான். 1960களின் பிற்பகுதியில் ரியோ டி ஜெனீரோவுக்குப் போய்ப் பாடகர் மில்டன் நசிமெந்தோவோடு வாசித்தார். அந்தக் காலத்தில் அவர் கைக்கு வந்து சேர்ந்ததுதான் பெரிம்பாவ்.

அந்த வாத்தியத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அவர் செய்ததன் அருமை புரியும்.

நான்கைந்து அடி நீளமுள்ள வளைந்த கொம்பு. பிரிபா என்ற மரத்தில் செய்தால் நல்லது என்பார்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பி. பெரும்பாலும் பழைய கார் டயரைக் கிழித்து உள்ளேயிருந்து உருவியெடுத்த கம்பிதான் அது. கொம்பின் கீழ்ப்பகுதியில், வாய் திறந்த காய்ந்த சுரைக்குடுக்கை ஒன்று நூல் வளையத்தால் கட்டியிருக்கும். இடது கைச் சுண்டுவிரலை அந்த நூலுக்கு அடியில் நுழைத்துத் தூக்க வேண்டும். முழு எடையும் அந்தச் சுண்டுவிரலில்தான். முதல் நாள் பத்து நிமிடம் பிடித்தால் விரலில் நூல் பதிந்து சிவந்துவிடும். இரண்டு வாரத்தில் அந்த இடம் காய்த்துப்போகும், அதற்குப் பிறகு வலி தெரியாது. அதே கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரு நாணயத்தையோ வழுவழுப்பான கல்லையோ பிடித்திருக்கும். வலது கையில் மெல்லிய குச்சி. கூடவே கஷிஷி, அதாவது உள்ளே விதைகள் போட்டுப் பின்னிய சின்னக் கூடை.

குச்சியால் கம்பியைத் தட்டினால் ஒரு சுருதி. நாணயத்தை அழுத்திப் பிடித்துத் தட்டினால் கொஞ்சம் மேலே இன்னொரு சுருதி. நாணயத்தை அழுத்தாமல் பட்டும் படாமலும் வைத்தால் "ச்சி" என்று ஒரு இரைச்சல். ஆக மூன்று ஒலிகள். குடுக்கையின் வாயை வயிற்றோடு ஒட்டினால் ஒலி அடங்கும், விலக்கினால் திறக்கும். மூச்சை இழுத்து விடும்போது வயிறு அசைவதுகூட ஒலியில் கேட்கும். வில்லுப்பாட்டு பார்த்து வளர்ந்தவர்களுக்கு வில் ஒரு வாத்தியமாவது புதிதில்லை. அங்கே வில் குடத்தின் மேல் சாய்ந்து படுத்திருக்கும். இங்கே அது நம் உடம்போடு ஒட்டி நிற்கும்.

அங்கோலாவில் இதற்கு உறவுக்கார வாத்தியங்கள் இருக்கின்றன, ஹுங்கு என்பது அவற்றில் ஒன்று. பிரேசிலில் இது கபொயெரா என்ற சண்டை விளையாட்டின் வாத்தியமாக நிலைத்தது. வட்டத்தின் நடுவே ஆடுபவர்களுக்கு வேகம் எவ்வளவு, எந்த வகை ஆட்டம், எப்போது நிறுத்துவது என்பதையெல்லாம் பெரிம்பாவ்தான் சொல்லும். 'அங்கோலா' என்ற வாசிப்பு "ச்சி ச்சி டோங் டிங்" என்று போகும். கீழ்ச் சுருதி முதலில், மேல் சுருதி பிறகு. அதையே திருப்பி "ச்சி ச்சி டிங் டோங்" என்று வாசித்தால் அது வேறு வாசிப்பு, 'சாவ் பெந்தோ பெக்கேனோ'. இரண்டே ஒலிகள் இடம் மாறியதில் வாசிப்பின் பெயரும் வட்டத்தின் மனநிலையும் மாறிவிடுகின்றன. முதல்முறை இதை உணர்ந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

நனா இதைக் கபொயெரா வட்டத்திலிருந்து தனியாக எடுத்துக் கச்சேரி மேடையின் நடுவில் வைத்தார். ராக் கிதார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸையும் பிரேசில் இசையமைப்பாளர் வில்லா லோபோஸையும் மிகவும் நேசித்தவர் அவர். ஹென்ட்ரிக்ஸ் கிதாரில் தேடியதை இவர் இந்தக் கம்பியில் தேடினார். கம்பியின் மேல்பாதி, கீழ்ப்பாதி, கொம்பு, குடுக்கையின் முதுகு என்று எல்லா இடத்தையும் தட்டிப் பார்த்தார். கூடவே வாயால் முனகல், கூவல், காட்டுப் பறவையின் குரல். 1979இல் ஸ்டுட்கார்ட் வானொலி சிம்பொனி இசைக்குழுவின் தந்தி வாத்தியங்களோடு அவர் பதிவுசெய்த 'சவுதாஜெஸ்' என்ற தொகுப்பைத் தேடிக் கேளுங்கள். முதல் உருப்படி ஏறக்குறைய 19 நிமிடம், பெயரே 'பெரிம்பாவ்'தான். இரவில், ஹெட்ஃபோனில், நடுவில் எழுந்திருக்காமல் கேட்க வேண்டும். மூன்றே ஒலி உள்ள ஒரு வாத்தியம் அத்தனை தந்திகளுக்கு நடுவில் சிறுத்துப்போகாமல் நிற்பதை நீங்களே பார்ப்பீர்கள்.

சரி, ரியோவிலிருந்து அங்கே எப்படிப் போனார்? அர்ஜென்டினாவின் சாக்ஸஃபோன் கலைஞர் காத்தோ பார்பியேரி அவரைத் தன்னோடு அழைத்துக்கொண்டு நியூயார்க், ஐரோப்பா என்று போனார். 1971இல் சுவிட்சர்லாந்தின் மோன்த்ரே ஜாஸ் விழாவில் வாசித்தார்கள். சுற்றுப்பயணத்தோடு ஊர் திரும்பாமல் நனா பாரிஸிலேயே தங்கிவிட்டார். அங்கே மனநலச் சிகிச்சையில் இருந்த குழந்தைகளோடு இசை வழியாக வேலை செய்தார். அவருடைய வாழ்க்கைச் சுருக்கங்களில் இது ஒரு வரியில் கடந்துபோகும், எனக்கு அது முக்கியமாகப் படுகிறது. பேச்சு வராத, கண்ணைப் பார்க்காத குழந்தையிடம் தாளத்தை எங்கிருந்து தொடங்குவீர்கள்? ஜதி சொல்லிக் கொடுக்க முடியாது. அந்தக் குழந்தை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் ஏதோ ஓர் அசைவிலிருந்துதான் தொடங்க முடியும். முதல் வாத்தியம் குரல், சிறந்த வாத்தியம் உடம்பு என்று பின்னாளில் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். கடைசி வரை ஆயிரக்கணக்கான பேர் கூடிய அரங்கையும் நெஞ்சிலும் தொடையிலும் தட்டவைத்து ஒரு மழையை உண்டாக்கிக் காட்டினார். இரண்டு விரலால் உள்ளங்கையில் தட்டினால் தூறல், கை முழுக்கத் தட்டினால் அடைமழை.

1976இல் எக்பெர்த்தோ ஜிஸ்மொந்தி என்ற பிரேசில் கிதார், பியானோ கலைஞர் ஒஸ்லோவில் ஒரு பதிவுக்காக ஐரோப்பா வந்தார். பாரிஸில் நனாவைச் சந்தித்தார். என்ன மாதிரி இசை என்று நனா கேட்டதற்கு, இரண்டு சிறுவர்கள் அடர்ந்த காட்டுக்குள் நடந்து போகிறார்கள், சுற்றிலும் பூச்சிகளும் விலங்குகளும், அதுதான் இசை என்றாராம் ஜிஸ்மொந்தி. இருவர் மட்டும் உட்கார்ந்து பதிவுசெய்த அந்தத் தொகுப்பு, 'தான்சா தாஸ் கபேசாஸ்', இருவரையும் உலகம் அறியச் செய்தது. ராகம், தாளம், சுருதி பற்றி இருவரும் முன்கூட்டி எதுவும் பேசிக்கொண்டதாகத் தோன்றாது. ஒரு காட்சியைப் பகிர்ந்துகொண்டார்கள், அவ்வளவுதான். வேறு மரபைச் சேர்ந்தவரோடு முதல்முறை உட்காரும்போது இந்த வழி எவ்வளவு உதவும் என்பதை நீங்கள் முயன்று பாருங்கள்.

அப்புறம் 'கொடோனா'. நீங்கள் உலகத் தாளங்கள் என்று எதைச் சொல்கிறீர்களோ, அதை அந்த வார்த்தை கடைகளில் ஒரு அலமாரிப் பெயராவதற்கு முன்பே செய்து காட்டிய மூவர் அணி. காலின் வால்காட், டான் செர்ரி, நனா. மூன்று பெயர்களின் முதல் அசைகளைச் சேர்த்ததுதான் குழுவின் பெயர். வால்காட் அமெரிக்கர். ரவிசங்கரிடம் சிதாரும் அல்லா ரக்காவிடம் தபேலாவும் கற்றவர். செர்ரி சின்ன டிரம்பெட்டோடு, மாலி நாட்டு வேட்டைக்காரர்களின் தந்தி வாத்தியமான தூசுங்கோனியும் வாசிப்பார். 1978க்கும் 1982க்கும் இடையில் மூன்று தொகுப்புகள் பதிவுசெய்தார்கள். 1984இல் அன்றைய கிழக்கு ஜெர்மனியில் நடந்த சாலை விபத்தில் வால்காட் இறந்ததோடு அது முடிந்துவிட்டது. அவர்களின் பதிவுகளில் யாரும் யாரையும் முந்தப் பார்ப்பதில்லை. தனி ஆவர்த்தனத்துக்குக் காத்திருக்கும் கைகளுக்கு இது பழக சற்றுக் கஷ்டம். தபேலா பேசும்போது பெரிம்பாவ் பல நிமிடம் சும்மா இருக்கும், பிறகு ஒரே ஒரு "டோங்".

வருமானம் எப்படி வந்தது என்றும் சொல்ல வேண்டும், நீங்கள் வாழ்க்கையைப் பற்றிக் கேட்டிருப்பதால். அதில் பெரும் பகுதி மற்றவர்களின் இசையில் வாசித்ததால் வந்தது. 1980களின் தொடக்கத்தில் ஜாஸ் கிதார் கலைஞர் பேட் மெத்தேனியின் குழு, நார்வேயின் சாக்ஸஃபோன் கலைஞர் யான் கார்பரெக், டாக்கிங் ஹெட்ஸ் என்ற ராக் குழு, 1990இல் பாடகர் பால் சைமன் என்று பட்டியல் நீளம். டவுன் பீட் என்ற அமெரிக்க ஜாஸ் இதழின் விமர்சகர் தேர்வில் பல வருடம் தொடர்ந்து முதலிடம் பெற்றார். அப்படியும் தொகுப்புகளின் அட்டையில் அவர் பெயர் பெரும்பாலும் சின்ன எழுத்தில்தான் இருக்கும். தாள வாத்தியக்காரரின் நிலை உலகமெங்கும் ஏறக்குறைய இதுதான். அது உங்களுக்குச் சம்மதமா என்று இப்போதே யோசித்துக்கொள்வது நல்லது.

அமெரிக்காவில் புகழோடு இருந்தவர் பிறகு பிரேசிலுக்கே திரும்பினார். 1994இல் பாஹியா மாநிலத்தின் தலைநகரான சல்வதோரில் தொடங்கிய 'பெர்க்பான்' என்ற உலகத் தாள விழாவைப் பாடகர் ஜில்பெர்த்தோ ஜில்லோடு சேர்ந்து வழிநடத்தினார். ஆனால் அவர் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது ரெசிஃபேயில் நடந்தது. அதைச் சொல்ல வேண்டுமானால் மரக்கத்து என்றால் என்ன என்று சொல்லியாக வேண்டும்.

அடிமை முறை இருந்த காலத்தில் பெர்னாம்புகோவின் கறுப்பின மக்கள் தங்களுக்குள் ஒரு கொங்கோ ராஜாவையும் ராணியையும் தேர்ந்தெடுத்து முடிசூட்டிக்கொள்வார்கள். அந்த ஊர்வலத்தின் வாரிசுதான் மரக்கத்து. ஒவ்வொரு குழுவையும் 'நசாவ்' என்பார்கள், தேசம் என்று பொருள். லியாவ் கொரோவாதோ என்ற தேசம் 1863இல் தொடங்கியது, இன்றும் ஊர்வலம் வருகிறது. ராஜா, ராணி, குடை, கொடி, கூடவே 'கலுங்கா' என்ற கறுப்புப் பொம்மை. அந்தப் பொம்மைக்குள் முன்னோர் இருப்பதாக நம்பிக்கை, அதைத் தூக்கிவரும் பெண் விரதம் இருப்பார். பின்னால் அல்ஃபாயா மேளங்கள். மரப் பீப்பாய், ஆட்டுத்தோல், கயிற்றால் இறுக்கிய விளிம்பு. முன்பு மக்காயீபா என்ற பனை வகையின் அடிமரத்தைக் குடைந்து செய்வார்கள். தோளில் மாட்டிக்கொண்டு கனமான கட்டையால் அடிப்பார்கள். நாற்பது ஐம்பது அல்ஃபாயா ஒன்றாக விழும்போது காதுக்கு முன்னால் வயிற்றுக்குத்தான் தெரியும். நடுவில் ஒரே ஒரு இரும்பு மணி, கொங்கே. அத்தனை மேளமும் அந்த ஒற்றை மணிக்குக் கட்டுப்பட்டவை.

ஒவ்வொரு தேசத்துக்கும் தனி அடி உண்டு, தனிப் பெருமையும் உண்டு. கார்னிவல் போட்டியில் அவர்கள் எதிராளிகள். அப்படிப்பட்ட பல தேசங்களின் நூற்றுக்கணக்கான மேளக்காரர்களை ஒன்றுசேர்த்து, கார்னிவலின் முதல் நாளான வெள்ளிக்கிழமை இரவில், துறைமுகத்தை ஒட்டிய மார்க்கோ சீரோ சதுக்கத்தில் விழாவைத் தொடங்கிவைக்கும் வேலையை நனா 2000களின் தொடக்கத்தில் எடுத்துக்கொண்டார். அதற்கு முன்பு ஒவ்வொரு தேசத்தின் குடியிருப்புக்கும் அவரே போய் ஒத்திகை நடத்துவார். யாருடைய அடியையும் மாற்றச் சொல்லாமல் எல்லோரையும் ஒரே இடத்தில் நிற்கவைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது நம் ஊர்த் திருவிழா மேளங்களைப் பார்த்தவர்களுக்குப் புரியும். உலகத் தாளங்களில் முப்பது வருடம் ஊறிய ஒருவரின் காது அங்கேதான் முழுதாக வேலை செய்தது. 15 வருடம் போல இதைச் செய்தார். நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்து சிகிச்சை எடுத்த பிறகும் 2016 பிப்ரவரியில் வந்து மேளங்களின் முன்னால் நின்றார். மார்ச் 9 அன்று காலமானார். வயது 71.

இனி உங்கள் பாதை. பிரேசிலின் ஆப்பிரிக்க வழித் தாளங்கள் என்று சொல்லும்போது அதன் ஊற்று எது என்பதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். பாஹியாவில் அது காண்டொம்ப்ளே என்ற, ஆப்பிரிக்காவிலிருந்து வந்த தெய்வ வழிபாடு. பிரேசிலுக்கு ஏறக்குறைய 48 லட்சம் ஆப்பிரிக்கர்கள் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டார்கள், வேறு எந்த நாட்டுக்கும் அத்தனை பேர் போகவில்லை. 1888இல் அடிமை முறை ஒழிந்தது. இரண்டே வருடத்தில், 1890 தண்டனைச் சட்டத்தில், கபொயெரா குற்றமானது. பாஹியாவின் காண்டொம்ப்ளே வழிபாட்டு வீடுகள் 1976 வரை போலீஸில் பதிவுசெய்துகொள்ள வேண்டியிருந்தது. போலீஸ் பறித்துக்கொண்டு போன மேளங்களும் உண்டு. நீங்கள் கைவைக்கப் போகும் தாளம் இத்தனையையும் தாண்டி வந்திருக்கிறது.

அங்கே மூன்று மேளங்கள். பெரியது ஹும், நடுவானது ஹும்பி, சிறியது லே. சிறிய இரண்டும் மாறாத அடியைப் பிடித்துக்கொள்ள, பெரிய மேளம்தான் ஆடுபவரோடு பேசும். மேலே அகோகோ மணி. இந்த மேளங்கள் அபிஷேகம் ஆனவை, படையல் பெறுபவை. வெளியாள் போய்த் தட்டிப் பார்க்கும் பொருள் இல்லை. கோயில் வாத்தியத்துக்கு நாம் கொடுக்கும் மரியாதையைக் கொடுத்தால் போதும். வாசிப்பை வெளியே சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் போங்கள்.

அந்த மணியிலிருந்தே தொடங்குங்கள் என்பேன். 12 நுண் மாத்திரையில் ஏழு அடி, 2, 2, 1, 2, 2, 2, 1 என்ற இடைவெளியில். மேற்கு ஆப்பிரிக்காவின் எவே, யொரூபா மக்களிடமும் இது உண்டு, காண்டொம்ப்ளேயிலும் உண்டு. கர்நாடக இசை தெரிந்தவருக்கு இதை நினைவில் வைக்க ஒரு வழி இருக்கிறது. சங்கராபரணத்தின் ஏழு ஸ்வரங்கள் 12 ஸ்வர ஸ்தானங்களில் எந்த இடைவெளியில் உட்காருகின்றனவோ, இந்த ஏழு அடிகளும் அதே இடைவெளியில்தான் விழுகின்றன. ஹார்மோனியக் கட்டைகளை மனத்தில் வைத்துக்கொண்டு, வெள்ளைக் கட்டைகளில் மட்டும் தட்டிப் பாருங்கள். கை ஏழு அடியைத் தட்ட, கால் நான்கு சம அடி வைத்து நடக்கட்டும். பிறகு கால் மூன்றாக மாறட்டும். மணி மாறாது, ஆனால் வேறு தாளம்போலக் கேட்கும். இதற்கு ஒரு மாதமாவது ஆகும்.

மிருதங்கக் கைக்கு ஒரு எச்சரிக்கை. சாம்பாவின் நான்கு நடையைத் "தகதிமி" என்று சொல்லி வாசித்தால் கணக்கு சரியாக இருக்கும், சாம்பா இருக்காது. அங்கே நான்கு அடிகளும் சம இடைவெளியில் விழுவதில்லை. அந்தச் சாய்வை எந்த எழுத்திலும் குறிக்க முடியாது, கேட்டுக் கேட்டு, நடந்து நடந்து உடம்பில் ஏற வேண்டும். கையில் எடுக்க ஒரு வாத்தியம் வேண்டுமென்றால் பிரேசில் பந்தேரோ வாங்குங்கள். கஞ்சிராவின் தூரத்து உறவுபோல இருக்கும், சுற்றிலும் சலங்கைத் தட்டுகளோடு. கட்டைவிரல், விரல்நுனி, உள்ளங்கை அடி என்று அதன் வேலைப் பிரிவு உங்கள் கைக்குச் சீக்கிரம் பிடிபடும்.

மிருதங்கத்தை விட்டுவிடாதீர்கள். இந்த உலகத்துக்குள் நம் ஊரிலிருந்து போனவர் விக்கு விநாயக்ராம். 1991இல் அமெரிக்க டிரம்ஸ் கலைஞர் மிக்கி ஹார்ட் சேர்த்த 'பிளானட் டிரம்' பதிவில் ஜாகிர் உசேன், நைஜீரியாவின் பாபதுண்டே ஒலத்துஞ்சி, பிரேசிலின் ஐர்தோ மொரேரா ஆகியோரோடு அவர் உட்கார்ந்தார். உலக இசைக்கென்று கிராமி விருது தொடங்கிய முதல் வருடம் அதைப் பெற்றது அந்தத் தொகுப்புதான். ஐர்தோவிடம் நூறு வாத்தியம் இருந்தது. விக்கு விநாயக்ராம் தன் கடத்தோடு போனார்.

முதல் ஆறு மாதத்துக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள். காலையில் மிருதங்கம் வழக்கம்போல. மாலையில் அரை மணி நேரம் அந்த மணியும் நடையும், பிறகு பந்தேரோ. இரவில் ஒரு தொகுப்பு, முழுதாக, வேறு வேலை செய்யாமல். நனா, ஜிஸ்மொந்தி, கொடோனா மூன்று தொகுப்புகள், கூடவே சல்வதோரின் இலே ஐயே, ஒலொதும் குழுக்களின் தெரு மேளங்கள். பெரிம்பாவ் மேல் ஆசை வந்தால் கபொயெரா வகுப்பு நடக்கும் இடத்தில் போய்ச் சேருங்கள். இந்தியாவின் பெரிய நகரங்களில் கபொயெரா குழுக்கள் உண்டு. வாத்தியம் மட்டும் போதும், ஆடமாட்டேன் என்று சொல்லாதீர்கள். வட்டத்துக்குள் இறங்கி, எதிராளியின் கால் முகத்துக்கு நேராக வரும்போது குனிந்து பார்த்தால்தான் அந்த "டோங்" எதற்காக அங்கே விழுகிறது என்பது பிடிபடும்.